மிதக்கும் ஈயும் சேவலின் கழுத்திறகும்

செஞ்சி வட்டத்து ஏரிகளில் மீன் பிடிப்போர் மண்புழுவைத் தூண்டில் முள்ளில் கோத்து நீருக்குள் விடுவது வழக்கம். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரௌட் என்னும் மீனைப் பிடிப்போரில் பலர் புழுவை நாடுவதில்லை. இறகாலும் மயிராலும் பட்டாலும் கட்டப்பட்ட போலி ஈ ஒன்றை நீரின் மேல் மிதக்க விடுவர். அந்த ஈயைக் கட்டும் விதத்தையும், அதற்கு வேண்டிய முக்கியப் பொருள் தொண்டூர் போன்ற ஊர்களின் சேவல்களிடமே இருப்பதையும் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

டிரௌட் நம் நாட்டு மீன் அன்று. 1860-களில் பிரான்சிஸ் டே என்பவர் அதனை நீலகிரியில் குடியேற்ற முயன்றார், அம்முயற்சி பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பவரின் முயற்சியால் வானவில் டிரௌட் அங்கே நிலைபெற்றது. 1907-ஆம் வருஷத்தில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்பட்டது. குளிர்ந்த, தெளிந்த நீரிலன்றி இம்மீன் உயிர் வாழாது. ஆதலால் சமவெளி ஏரிகளில் இதனை விட எண்ணுவது வீண் செலவாகும். சமவெளியாருக்கு இதில் பங்கு உண்டாயின், அது இறகின் வழியாகவே.

ஈ மிதப்பதன் காரணம்

நீரின் மேற்பரப்பு மெல்லிய தோல் போன்ற தன்மையுடையது. சில பூச்சிகள் அமிழாமல் அதன்மீது நடப்பதை யாவரும் கண்டிருப்பர். சேவலின் கழுத்திறகை முள்ளைச் சுற்றிச் சுற்றினால், அதன் விறைப்பான இழைகள் நாற்புறமும் விரிந்து, பூச்சியின் கால்களைப் போல் நீரின்மேல் ஊன்றிப் பாரத்தைத் தாங்கும். பெட்டைக் கோழியின் இறகு மென்மையானது. நீரை உறிஞ்சி அமிழ்ந்துவிடும். அவ்விறகு நீருக்குள் விடும் ஈக்களுக்கே உதவும்.

கட்டும் முறை

நிறம் மிகுந்த ஈக்களுள் பேர் பெற்றது ராயல் உல்ஃப் என்பது. 1878-ல் நியூயார்க்கில் ஜான் ஹெய்லி என்பவர், ‘கோச்மேன்’ என்னும் பழைய ஈயின் உடல் அறுந்து போகாதிருக்க நடுவில் சிவப்புப் பட்டைச் சுற்றினார். அதுவே ராயல் கோச்மேன் ஆயிற்று. சுமார் 1930-ல் லீ உல்ஃப் என்பவர் புகுத்திய மயிர்ச் சிறகும் மயிர் வாலும் சேர்ந்து இப்போதைய உருவம் உண்டாயிற்று. இது எந்தப் பூச்சியின் நேர்ப்பிரதியும் அன்று. நிறத்தாலும் பருமனாலும் மீனை இழுப்பது.

பழகுவோருக்கு 12-ஆம் நம்பர் முள் ஏற்றது. நம்பர் ஏற ஏற முள் சிறுக்கும். முள்ளைச் சிறு பிடியில் இறுக்கி, மெழுகு தடவிய மெல்லிய நூலை அதன் தண்டில் நெருக்கமாகச் சுற்றவேண்டும். பின்னர்ச் செய்யவேண்டியவை:

1. கன்றின் வாலிலுள்ள வெண்மயிரில் ஒரு சிறு கற்றையை எடுத்து, நுனிகளைச் சமமாக்கி, முள்ளின் காதுக்குச் சற்றுப் பின்னே கட்டி நிமிர்த்தி, இரண்டாகப் பிரித்து, நூலைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினால் சிறகு ஆகும்.

2. முள் வளையுமிடத்தில் தண்டின் நீளமளவு மயிரை வாலாகக் கட்டுக.

3. மயிற்பீலி இழை சில சுற்று, சிவப்புப் பட்டு சில சுற்று, மீண்டும் பீலி இழை என உடலை அமைக்க.

4. பழுப்பு நிறச் சேவலிறகின் தண்டைக் கட்டி, சிறகின் முன்னும் பின்னும் சுற்றுக. இழையின் நீளம் முள்ளின் வாயைப் போல் ஒன்றரை மடங்கு இருத்தல் வேண்டும். மிகின் ஈ சாயும், குறையின் அமிழும்.

5. தலையில் முடிச்சிட்டு ஒரு துளி வார்னிஷ் வைக்க. முள்ளின் காது அடைபடலாகாது.

சட்டத்தைப் பற்றிய எச்சரிக்கை

காட்டுச் சேவலின் கழுத்திறகில் மெழுகு பூசினாற்போன்ற புள்ளிகள் உண்டு. அவற்றுக்காக முற்காலத்தில் அப்பறவைகள் ஏராளமாகக் கொல்லப்பட்டு, தோல்கள் கடல் கடந்து சென்றன. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனைத் தடுக்கிறது. யார் எவ்விலை கூறினும் அதனைத் தொடலாகாது. மிதக்கும் ஈக்கு அவ்விறகு தேவையுமில்லை.

மயிலையும் அச்சட்டம் காக்கிறது. தானே உதிர்ந்த தோகையை உள்நாட்டில் விற்கலாம், வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. எனவே வெளிநாட்டுக்கென்று கட்டும் ஈயில் பீலிக்குப் பதிலாக, பச்சைச் சாயமிட்ட முயல் மயிரை மெழுகு நூலில் முறுக்கிச் சுற்றலாம். ஈயைத் தாங்குவது சேவலிறகே ஆகையால், உடலின் நிறம் மாறினும் மிதப்பு குறையாது.

இறகைச் சேகரித்தல்

உணவுக்காக அறுத்த சேவலின் கழுத்துத் தோல் பெரும்பாலும் எறியப்படுகிறது. முதிர்ந்த சேவலின் தோலை இறகு கசங்காமல் உரித்து, கொழுப்பைச் சுரண்டி நீக்கி, அட்டையில் விரித்து நிழலில் உலர்த்தி, அந்துப்பூச்சி அண்டாமல் மூடி வைக்கவேண்டும். ஈரமோ கொழுப்போ எஞ்சினால் முழுச் சரக்கும் கெடும்.

இந்தியச் சேவலின் கழுத்துத் தோல் இவ்வியாபாரத்தில் அறிமுகமான சரக்கே. ஆயினும் அமெரிக்காவில் இறகுக்கென்றே இனம் பெருக்கிய சேவல்களின் இறகு நெடியது. நம் சேவலின் இறகு குறுகியது. ஓர் ஈக்கு இரண்டு வேண்டியிருப்பதால் நம்முடையதற்கு விலையும் குறைவு. இறகாக விற்பதைவிட ஈயாகக் கட்டி விற்பதில் கூலி ஊரிலேயே தங்கும். கென்யாவிலும் இலங்கையிலும் இவ்வேலை கைத்தொழிலாக நடைபெறுகிறது.

இதில் இறங்க விரும்பும் சங்கம் முதலில் கடன் வாங்கலாகாது. இரண்டு மூன்று பேர் பழகி, ஒரே அளவில் ஒரு டஜன் ஈ கட்டி, வாங்குவோருக்கு மாதிரியாக அனுப்பவேண்டும். பறவை நோய் பரவாதிருக்க வெளிநாடுகள் விதித்துள்ள நிபந்தனைகளையும் விசாரித்தல் அவசியம். எழுத்து மூலம் ஆர்டர் வந்தபின் முள்ளும் நூலும் மொத்தமாக வாங்குவதே விவேகம்.