உறை மூடிய கமராக்கள்

எங்கள் சந்தியில் அண்மையில் ஒரு புதிய கம்பம் நட்டார்கள். வீதிவிளக்கு என்றுதான் முதலில் நினைத்தோம். சில நாட்களில் அதன் உச்சியில் இரண்டு கமராக்கள் முளைத்தன. ஒன்று பிரதான வீதியைப் பார்த்தபடி. மற்றது எங்கள் மாதர் சங்கக் கட்டடம் இருக்கும் ஒழுங்கையைப் பார்த்தபடி.

அந்த வாரக் கூட்டத்துக்கு வந்த அக்கா ஒருவர் சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டே அதைக் கடந்து வந்தார். காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக வீதியோரப் பந்தலில் மாதக்கணக்கில் இருந்தவர் அவர். பந்தலுக்கு முன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தாய்மாரின் முகங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்துப் போனவர்களை அவர் மறக்கவில்லை.

"உது வேண்டாம் எண்டு சொல்ல எங்களுக்கு ஏலுமோ, தங்கச்சி?" என்று கேட்டார்.

அதற்குப் பதிலாகத்தான் பேர்மிங்ஹாம் நகரத்தின் கதையை அன்று சங்கத்தில் சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன்.

பேர்மிங்ஹாம் இங்கிலாந்தின் பெரிய நகரங்களில் ஒன்று. அங்கே ஸ்பார்க்புறூக், வொஷ்வூட் ஹீத் என்று இரண்டு பகுதிகள் உண்டு. அங்கு வாழ்பவர்களில் பெருந்தொகையானோர் முஸ்லிம்கள். 2010 ஆம் ஆண்டின் முற்பகுதியில் இவ்விரு பகுதிகளையும் சுற்றி வீதியோரங்களில் கம்பங்கள் எழுந்தன. மொத்தம் 218 கமராக்கள். அவற்றில் பெரும்பாலானவை வாகனங்களின் இலக்கத் தகட்டை வாசித்துப் பதிபவை. இன்ன வாகனம், இன்ன நேரத்தில், இன்ன வீதியால் உள்ளே வந்தது, எப்போது வெளியே போனது என்பதெல்லாம் பதிவாகும். வாகனத்தில் வருகின்ற ஒருவர் கமராவுக்கு அகப்படாமல் அப்பகுதிக்குள் நுழைவதும் வெளியேறுவதும் கடினம் என்னும்படி அவை அமைக்கப்பட்டன. 218 இல் 72 கமராக்கள் மறைத்து வைக்கப்பட்டவை. மக்களின் கண்ணுக்கே தெரியாதவை.

இவை எதற்கு என்று கேட்டவர்களுக்கு, களவு, போதைப்பொருள், வாகனக் குற்றங்கள் ஆகியவற்றைத் தடுக்க என்றே சொல்லப்பட்டது. அப்படியென்றால் நல்லதுதானே என்று சிலர் பேசாமல் இருந்துவிட்டார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன். இரவு வேலை முடித்துத் தனியே வரும் பிள்ளைக்குச் சந்தியில் ஒரு வெளிச்சமும் ஒரு கமராவும் இருந்தால் ஆறுதல் என்று எங்கள் சங்கத்திலேயே சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் பேர்மிங்ஹாம்காரர் சிலர் விடாமல் கேட்டார்கள். இதற்குப் பணம் யார் கொடுத்தது? எங்கள் பகுதியை மட்டும் ஏன் சுற்றி வளைத்தீர்கள்? 2010 யூன் மாதத்தில் 'கார்டியன்' பத்திரிகை விடயத்தை வெளிக்கொணர்ந்தது. 30 இலட்சம் பவுண் செலவும் பயங்கரவாதத் தடுப்புக்கென ஒதுக்கப்பட்ட நிதியிலிருந்து வந்திருந்தது. திட்டத்துக்கு வைத்த பெயர் 'புறொஜெக்ட் சம்பியன்'. குற்றத் தடுப்பு என்பது மேலே போர்த்திய போர்வை மட்டுமே.

பொலிசாருக்கும் ஒரு நியாயம் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2007 இல் பிரித்தானிய இராணுவத்திலிருந்த முஸ்லிம் சிப்பாய் ஒருவரைக் கடத்திக் கொலை செய்யும் சதி அந்நகரில் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் சம்பந்தப்பட்டவர்கள் நீதிமன்றத்தில் தண்டனையும் பெற்றார்கள். ஆனால் சதி செய்தவர்கள் ஒரு சிலர். அவர்களுக்காக, பிள்ளையைப் பாடசாலைக்கு ஏற்றிப் போகும் தாயும், ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவியும் தினமும் பதிவாக வேண்டுமா? சுற்றிவளைப்புக்கு ஊர் முழுவதையும் மைதானத்தில் இருத்தி வைத்த நாட்களைக் கண்ட எங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

அங்கிருந்த மக்கள் கம்பங்களை உடைக்கவில்லை. கூட்டம் கூட்டினார்கள், மனுக்களில் கையெழுத்துச் சேர்த்தார்கள். அப்போது ஸ்பார்க்புறூக்கின் மாநகர சபை உறுப்பினராக இருந்த சல்மா யாகூப் என்ற பெண்மணி வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார். முஸ்லிம்கள் மட்டுமல்ல, அயலில் வாழ்ந்த மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 'லிபர்ட்டி' என்ற மனித உரிமை அமைப்பு நீதிமன்றம் போவோம் என்று எச்சரித்தது.

பொலிசார் இறங்கி வந்தார்கள். கமராக்களை இயக்க மாட்டோம், மக்களிடம் கருத்துக் கேட்போம் என்றார்கள். அதுவரை தெரியக்கூடிய கமராக்களை உறைகளால் மூடிக் கட்டினார்கள். மக்கள் அதை ஏற்கவில்லை. உறைக்குள்ளே இருப்பது தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கீழே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை பொய் சொன்னவர்கள் இனி உண்மை சொல்வார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? மூடினால் போதாது, கழற்றி எடுங்கள் என்றார்கள். இந்த இடத்தைச் சொன்னபோது எங்கள் அக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு வேறொரு பொலிஸ் பிரிவான தேம்ஸ் வலியின் தலைமை அதிகாரி சாரா தோர்ண்டன் இதை விசாரித்தார். அவரும் ஒரு பெண். 2010 செப்ரெம்பர் 30 இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, தம் சக அதிகாரிகளையே கடுமையாகக் குறை கூறியது. சட்டத்துக்கு அமைவானதா என்று போதிய அளவு யோசிக்கவில்லை, மக்களிடம் உண்மை நோக்கத்தைச் சொல்லவில்லை, நம்பிக்கையைக் கெடுத்துவிட்டீர்கள் என்பதே அதன் சாரம். அப்பகுதிப் பொலிசின் தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டார். 2011 மே மாதத்தில் கமராக்களையும் கம்பங்களையும் கழற்றத் தொடங்கினார்கள். அதற்கு மட்டும் 6 இலட்சம் பவுணுக்கு மேல் செலவானது. அதுவும் மக்களின் பணம்தான்.

அதன் பின் 2012 இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமொன்று, வீதிக் கமராக்களுக்கென ஓர் ஒழுங்குக் கோவையையும் அதைக் கவனிக்க ஓர் ஆணையாளரையும் ஏற்படுத்தியது. அதற்காக இங்கிலாந்தில் கமரா குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். இன்னும் ஏராளம் இருக்கின்றன.

எங்கள் நாட்டிலும் 2024 ஜனவரியிலிருந்து கொழும்பில் வீதி விதி மீறும் சாரதிகளைக் கமராவில் பார்த்துப் பிடிக்கிறார்கள். பேருந்து ஓட்டும் வேகத்தைப் பார்த்தால் அது வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் சந்திக் கமரா யாருடையது என்பதே எனக்குப் பிரச்சினை. பிரதேச சபையினுடையதா, பொலிசினுடையதா, வேறு யாருடையதுமா?

கதை முடிந்ததும் அக்கா கேட்டார்: "அங்கை கேட்டால் பதில் சொல்லுவினம். இங்கை ஆர் சொல்லுவினம்?"

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுத்து வைத்தேன். பொது அலுவலகம் எதனிடமும் பிரஜை ஒருவர் எழுத்தில் தகவல் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தேசிய பாதுகாப்பு என்று சொல்லி மறுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அப்படி மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

அன்றே நான்கு கேள்விகள் எழுதினோம். கமராவைப் பொருத்தியது யார்? எந்த நிதியில்? படங்களை யார் பார்ப்பார்கள்? எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? விண்ணப்பத்தில் யாருடைய பெயரைப் போடுவது என்று வந்தபோது ஒருவரையொருவர் பார்த்தோம். நான் செயலாளர் என்பதால் என் பெயரைப் போடலாம் என்றேன். ஆனால் உள்ளூர எனக்கும் பயம்தான். அக்கா பேனையை வாங்கினார். "என்ரை முகம் எப்பவோ அவையளிட்டை இருக்குது. பேரும் கிடக்கட்டும்" என்று சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினார்.

அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கிப் பற்றுச்சீட்டுத் தந்தார்கள். அது சங்கத்தின் அலுமாரியில் இருக்கிறது. இன்று ஒன்பதாவது வேலை நாள்.