குப்பை மேட்டைத் தோண்டினால் காசு! கோலி சோடா பாட்டிலுக்கு இங்கிலாந்தில் மவுசு

நாம் வீசி எறியும் காலி பாட்டிலை யாரும் திரும்பிக்கூட பார்ப்பதில்லை. ஆனால் இங்கிலாந்தில் 100 வருஷத்துக்கு முந்தைய குப்பை மேடுகளைத் தோண்டி காலி பாட்டில் எடுப்பதையே பலர் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஆசையாக தேடும் பொருட்களில் ஒன்று, நம்ம ஊர் பெட்டிக்கடையில் விற்ற கோலி சோடா பாட்டில். இது பற்றிய விவரம் வருமாறு:-

சாம்பலுக்குள் பாட்டில்

இங்கிலாந்தில் அந்த காலத்தில் வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்புதான். 1875-ம் ஆண்டு பொது சுகாதார சட்டம் வந்த பிறகு, குப்பை அள்ளும் வேலையை உள்ளாட்சி அமைப்புகள் கையில் எடுத்தன. அள்ளிய குப்பையை செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளங்களிலும், ஆற்றோர சதுப்பு நிலத்திலும் கொண்டுபோய் கொட்டினார்கள்.

அதில் பாதிக்கு மேல் அடுப்பு சாம்பல். சாப்பாட்டு கழிவு மக்கிப்போனது. தகர டப்பா துருப்பிடித்து உதிர்ந்தது. கண்ணாடியும் பீங்கானும் மட்டும் சாம்பலுக்குள் அப்படியே தங்கிவிட்டன.

பழைய வரைபடத்தில் மண் எடுத்த பள்ளம் எங்கே இருந்தது என்று முதலில் பார்ப்பார்கள். அந்த இடத்தில் மண் கறுப்பாக இருந்து, முயல் வளை தோண்டிய மண்ணில் பீங்கான் சில்லு கிடந்தால், அதுதான் இடம் என்று முடிவு செய்வார்கள்.

வயதைச் சொல்லும் கோடு

கிடைத்த பாட்டில் எவ்வளவு பழசு என்று எப்படி தெரியும்? பாட்டிலின் பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடு ஒன்று ஓடும். அது வாய் வரை போகாமல் கழுத்திலேயே நின்றுவிட்டால், வாயை தொழிலாளி கையால் செய்திருக்கிறார் என்று அர்த்தம். 1903-ம் ஆண்டு அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் தானியங்கி எந்திரம் கொண்டு வந்தார். அதற்கு பிறகு எந்திரத்தில் செய்த பாட்டில்களில் கோடு வாய் விளிம்பு வரை போகும்.

விஷ மருந்து பாட்டில்களுக்கும் நல்ல கிராக்கி. கரு நீல நிறத்தில், மேலே வரிவரியாக மேடு வைத்து செய்திருப்பார்கள். கரண்ட் இல்லாத காலம். இருட்டில் தடவி எடுத்தாலும் இது விஷம் என்று கைக்கு தெரியத்தான் இந்த ஏற்பாடு.

கோலி வந்த கதை

கோலி சோடா பாட்டிலை கண்டுபிடித்தவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர். 1872-ம் ஆண்டு இதற்கு காப்புரிமை வாங்கினார். கழுத்துக்குள் ஒரு கோலி, வாயில் ஒரு ரப்பர் வளையம். பாட்டிலை தலைகீழாக பிடித்து சோடா நிரப்பினால், கேஸ் கோலியை தள்ளி ரப்பரில் ஒட்ட வைத்துவிடும். தக்கையே வேண்டாம்.

1892-ம் ஆண்டு அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் தகர மூடியை கண்டுபிடித்தார். அது பரவியதும் இங்கிலாந்தில் கோலி சோடா ஒழிந்தது. நம்ம ஊரிலும் ஜப்பானிலும்தான் தங்கியது.

பழைய பாட்டில் முழுசாக கிடைப்பது குறைவு. காரணம் பொடிப்பசங்க! உடைச்சா கோலி கிடைக்குமே. சாதாரண பச்சை நிற பாட்டில் சில பவுண்டுக்கு போகும். அபூர்வ நிறத்தில் இருந்தால் ஆயிரக்கணக்கான பவுண்டுக்கும் ஏலம் போயிருக்கிறது.

உயிருக்கே உலை

சாம்பல் மண்ணுக்கு பிடிப்பு கிடையாது. பக்கவாட்டில் குடைந்தால் மேல் மண் அப்படியே சரிந்து ஆளை மூடிவிடும். ஈயம், ஆர்சனிக், கல்நார் தூசி கலந்த குப்பையும் உண்டு. பழைய பாட்டிலில் திரவம் இருந்தால் திறக்கவே கூடாது. நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் தோண்டி எடுத்தால் அங்கே திருட்டு வழக்கு பாயும்.

நம்ம ஊரில் முடியுமா?

இதைப் படித்துவிட்டு யாரும் கடப்பாரையோடு கிளம்ப வேண்டாம். சென்னை பெருங்குடி, கொடுங்கையூர் குப்பை கிடங்குகளில் கிடப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக்கும் மக்கும் குப்பையும்தான். உள்ளே மீத்தேன் வாயு உண்டாகிறது. 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெருங்குடியில் பற்றிய தீ நாள் கணக்கில் எரிந்தது. வயிற்றுப்பாட்டுக்காக குப்பை பொறுக்குபவர்களுக்கே அங்கே கை, காலில் வெட்டுக்காயமும் மூச்சுத்திணறலும்தான் மிச்சம்.

ஆனால் அஸ்திவாரம் தோண்டும்போதோ, கிணறு வெட்டும்போதோ பழைய பொருள் தானாக கிடைத்தால்?

1878-ம் ஆண்டு இந்திய புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஒரு ஆண்டு வரை ஜெயில் தண்டனையும் கிடைக்கலாம்.

முறைப்படி சொன்னால் லாபம் உண்டு. உரிமையாளர் யாரும் இல்லை என்று கலெக்டர் முடிவு செய்து, வேறு ஒப்பந்தமும் இல்லை என்றால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு. நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் அதற்கு பணம் கொடுக்க வேண்டும். மண் வெட்டிய கூலித்தொழிலாளி கண்டெடுத்தாலும் இதே சட்டம்தான்.

100 வருஷத்துக்கு மேற்பட்ட, சரித்திர மதிப்புள்ள பொருளை தனி நபர் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது. "நான் பார்த்துக்கிறேன், கொடுங்க" என்று வரும் புரோக்கர்களை நம்பாமல் தாசில்தார் அலுவலகத்திலோ, அரசு அருங்காட்சியகத்திலோ கேட்பது நல்லது.

பரணில் தாத்தா காலத்து கோலி சோடா பாட்டில் கிடந்தால், பழைய இரும்புக்கடையில் போடும் முன் அந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.