கேஜன் சோறு பழுப்பு நிறம் பெறுவது ஏன்?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கேஜன் மக்கள் மாட்டுக் கொத்துக்கறியும் அரிசியும் ஒரே பாத்திரத்திலிட்டுச் சமைக்கும் சோறு, தக்காளியோ வர்ணப்பொடியோ சேராமலே ஆழ்ந்த பழுப்பு நிறம் பெறுவதற்குக் காரணம் யாது?

கறியின் நீர் வற்றி, கொதிக்கும் ஓசை மாறிப் பொரியும் ஓசை எழுந்து, உஷ்ணம் சுமார் 140 டிகிரி செல்சியஸை எட்டியதும், அதிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும், 1912-இல் பிரெஞ்சு விஞ்ஞானி மையார் விவரித்த ரசாயன மாற்றத்தை விரைவாக அடைந்து, பாத்திரத்தின் அடியில் பழுப்புப் படலமாகப் படிகின்றன. வெங்காயம், குடைமிளகாய், செலரி ஆகிய மூன்றும் வதங்கும்போது விடும் நீரில் அப்படலத்தை மரக்கரண்டியால் சுரண்டிக் கரைத்து, மேலும் நீர் வார்த்து அரிசியை இட்டால், மாவுச்சத்து சுமார் 70 டிகிரியில் நீரை உறிஞ்சிப் பருக்கும் தருணத்தில், நிறமும் சுவையும் பருக்கைதோறும் சேர்கின்றன.

நீர் கொதிக்கும் 100 டிகிரியில் இம்மாற்றம் மிக மந்தமாகவே நிகழுமாதலால், நீர் வார்க்குமுன் கறியைப் பொறுமையுடன் சிவக்க வறுப்பதே இப்பாகத்தின் ஜீவநாடி.