இருதய அறுவையும் மயக்க மருந்தும்



இருதய அறுவை முடிந்தது என்று டாக்டர் சொன்னதும் குடும்பத்தாருக்குப் பெரிய நிம்மதி. ஆனால், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போய்ப் பார்த்ததும் மனம் பதறிவிடுகிறது. நோயாளியின் வாயில் குழாய், மார்பில் கட்டு, கூப்பிட்டால் பதில் இல்லை. இந்த உறக்கம் ஏன், வீட்டார் செய்ய வேண்டியது என்ன என்பதை இன்று பார்ப்போம்.

பைபாஸ் அறுவையில் நடுமார்பு எலும்பைப் பிளக்கிறார்கள். பெரும்பாலும் இருதயத்தைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்து, ஓர் இயந்திரத்தின் மூலம் இரத்தத்தை ஓடச் செய்கிறார்கள். அறுவை முடிந்த பிறகு, உடல் சூடேறி, இரத்த அழுத்தம் நிலைப்பட்டு, இரத்தக் கசிவு அடங்கும்வரை சுவாசக் கருவியே மூச்சு கொடுக்கிறது. தொண்டைக் குழாயைப் பொறுத்துக்கொண்டு நோயாளி அமைதியாக இருக்கத்தான் மயக்க மருந்து. அவற்றுள் ஒன்றான புரோபோபோல், பாலைப் போல வெண்மையாக இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். இது வலியைப் போக்காது. வலிக்கு வேறு மருந்து உண்டு.

'நன்றாகத் தூங்கட்டுமே, எதற்கு எழுப்புகிறார்கள்?' என்று சிலர் கேட்பதுண்டு. மயக்கம் நீண்டால் சளி தேங்கும், நுரையீரலில் கிருமி பற்றும், தசை வலுவிழக்கும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. தீவிர சிகிச்சையில் இருந்த 128 நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்குத் தினமும் ஒருமுறை மயக்க மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிட இரண்டு நாளுக்கு மேல் முன்னதாகவே சுவாசக் கருவியிலிருந்து விடுபட்டார்கள். இருதய அறுவையிலும், உடல்நிலை இடங்கொடுத்தால், சில மணி நேரத்திலேயே எழுப்பிவிடுகிறார்கள்.

விழித்த பிறகு சிலருக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, புத்தி தடுமாறும். மகளை அடையாளம் தெரியாது. 'பிரட்டுக்கு நேரமாச்சு' என்று எழுந்து குழாயைப் பிடுங்கப் பார்ப்பார்கள். இது பைத்தியமும் அல்ல, காத்து கருப்பும் அல்ல. பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். உடனே தாதியிடம் தெரிவியுங்கள். பக்கத்தில் இருந்து பெயர் சொல்லிப் பேசுங்கள். இன்று என்ன நாள், எந்த ஆஸ்பத்திரி என்று எடுத்துச் சொல்லுங்கள். மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் மறக்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இனி, மிக முக்கியமான செய்தி. 'குடிப்பீர்களா, எவ்வளவு?' என்று அறுவைக்கு முன்பு டாக்டர் கேட்பார். தினமும் சம்சு குடிப்பவர்கூட, 'எப்போதாவதுதான்' என்பார். மனைவியும் மானத்துக்குப் பயந்து தலையாட்டிவிடுவார். இந்த மறைப்பு உயிருக்கே ஆபத்தாகலாம். நெடுநாள் குடித்த உடம்புக்குத் திடீரென்று மது நின்றால், முதல் ஓரிரு நாட்களிலேயே கைநடுக்கம், வியர்வை, சில சமயம் வலிப்பு வரும்; இரண்டு மூன்று நாட்களில் கடும் புத்தித் தடுமாற்றமும் வரலாம். நாடித்துடிப்பு எகிறும். புதிதாகத் தைத்த இருதயம் இத்தனை சுமையையும் தாங்க வேண்டும். முன்பே தெரிந்தால் டாக்டர் மருந்து கொடுத்துத் தடுக்க முடியும்.

தூக்க மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். டாக்டரைக் கேட்காமல் நீங்களாகவே திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். கணவர் எதிரில் சொல்லத் தயக்கமா? டாக்டரையோ தாதியையோ தனியே பார்த்துச் சொல்லுங்கள். கேட்பது குற்றம் காண்பதற்கு அல்ல. மருந்தின் அளவை முடிவு செய்வதற்கு.

வீடு திரும்பிய பின் தூக்கம் வரவில்லை என்று பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிக் கொடுக்காதீர்கள். கடுமையான வலி மருந்து, தூக்க மாத்திரை, மது இவை ஒன்றுசேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த மருந்தை மட்டும் கொடுங்கள்.