ஒரத்தநாட்டுச் சத்திரப் பள்ளி

தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் வழியில் நாம் காணும் ஒரத்தநாட்டிற்கு முக்தாம்பாள்புரம் என்றும் பெயருண்டு. தம் அன்பிற்குரிய முக்தாம்பாளின் நினைவாக இரண்டாம் சரபோஜி மன்னர் 1802-இல் அங்கே சத்திரம் நிறுவினார். இராமேசுவர யாத்திரிகருக்குச் சோறிட்ட அவ்விடத்திலேயே பிள்ளைகள் தங்கிப் படித்தனர்.

1799-இல் நாட்டின் ஆட்சி கும்பெனியார் கைக்குப் போயிற்று. முன்னோர் கட்டிய சத்திரங்களின் கதி என்னாகுமோ என்று மன்னர் கலங்கினார். 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு அவர் எழுதிய கடிதத்தில் அங்கு நடந்த தருமங்களையெல்லாம் விவரித்தார். வழிப்போக்கரின் அநாதைக் குழந்தைகளை உபாத்தியாயரிடம் ஒப்படைப்பார்களாம். மூன்று வேளை உணவு, நான்கு நாளுக்கொருமுறை எண்ணெய்த் தேய்ப்பு, உடை, நோயுற்றால் மருந்து, விரும்பிய கல்வி! படித்துத் தேறினால் திருமணச் செலவும் உண்டு. (நம் விடுதி மாணவியர் கவனிக்க!) இச்சத்திரங்களை மட்டும் குலையாமல் காக்க வேண்டும் என்பதே அவரது மன்றாட்டு.