டெபாசிட் பணம் உங்கள் பணம்!

தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து வளர்ந்த நம்மவர்களுக்கு வாடகை வீட்டுச் சங்கதிகள் அவ்வளவாகப் பழக்கமில்லை. வேலை இருந்த வரை வீடு இருந்தது. வேலை போனால் வீடும் போயிற்று. கூரை ஒழுகினால் ஆபீசில் போய்க் கிராணியாரிடம் சொன்னோம். ஆள் வந்தாலும் வரும், வராமலும் போகும். ஆனால், வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன் ஆயிரக்கணக்கில் பணத்தை எண்ணி வை என்று தோட்டத்தில் யாரும் நம்மைக் கேட்டதில்லை.

பட்டணத்துத் தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் கதையே வேறு. பிள்ளையின் படிப்புக்காகவோ, தோட்டம் விற்கப்பட்டதாலோ, பணி ஓய்வு பெற்றதாலோ குடிபெயரும் குடும்பம் முதலில் சந்திக்கும் சொல் 'டெபாசிட்'. கொடுக்கும்போது எல்லாரும் கொடுத்துவிடுகிறோம். வீட்டைக் காலி செய்யும்போது எத்தனை பேர் அதை முழுதாகத் திரும்பப் பெறுகிறோம்? "வெள்ளையடிக்கச் சரியாகப் போய்விட்டது" என்று வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னால், தலையை ஆட்டிவிட்டு லோரியில் ஏறி வந்துவிடுகிறோம் அல்லவா?

வாசகர்களே, ஒன்றை மனத்தில் வையுங்கள். டெபாசிட் திரும்பக் கிடைக்குமா கிடைக்காதா என்பது வீட்டைக் காலி செய்யும் நாளில் மட்டும் முடிவாகிற காரியமன்று. குடிபுகும் நாளிலேயே அது பாதி முடிவாகிவிடுகிறது.

மூன்று பணம், மூன்று பெயர்

மாதம் 800 வெள்ளி வாடகைக்கு ஒரு வீடு பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டு வழக்கப்படி வீட்டுக்காரர் பெரும்பாலும் இப்படித்தான் கேட்பார்.

முதல் மாத வாடகை, முன்பணமாக 800 வெள்ளி. வீட்டுக்கான டெபாசிட், இரண்டு மாத வாடகை, 1,600 வெள்ளி. தண்ணீர், மின்சாரத்துக்கான டெபாசிட், அரை மாத வாடகை, 400 வெள்ளி. மொத்தம் 2,800 வெள்ளி.

இதில் முதல் மாத வாடகை திரும்பி வராது. அந்த மாதம் நீங்கள் குடியிருந்து கழித்துவிடுகிறீர்கள். மீதி 2,000 வெள்ளி வீட்டுக்காரருக்குக் கொடுத்த பணமன்று. அவரிடம் ஒப்படைத்து வைத்திருக்கும் பணம். வாடகை பாக்கி, கட்டாத பில், நீங்கள் உண்டாக்கிய சேதம் இவற்றுக்காக மட்டுமே அதில் கைவைக்கலாம். 2025 ஆகஸ்டு முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அப்படியானால் இந்த 2,000 வெள்ளி ஓர் ஆளின் ஒரு மாத உழைப்புக்கும் மேல். அதை "போனால் போகிறது" என்று விடலாமா?

குடிபுகும் நாளில்

"எழுதாத கடனுக்கு அழுதால் தீருமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். வாடகை விஷயத்தில் இது நூற்றுக்கு நூறு பொருந்தும். கீழ்க்கண்டவற்றை முதல் நாளிலேயே செய்துவிடுங்கள்.

முதலாவது, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். வீட்டுக்காரரின் முழுப் பெயர், அடையாள அட்டை எண், அவர் குடியிருக்கும் முகவரி, வாடகை, டெபாசிட் எவ்வளவு, எத்தனை மாதம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், காலி செய்தபின் எத்தனை நாளில் டெபாசிட்டைத் திருப்பித் தருவார் ஆகிய எல்லாம் அதில் இருக்க வேண்டும். 14 நாள் அல்லது 30 நாள் என்று போடுவது வழக்கம். சூராட் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை உட்கார வைத்து வரிவரியாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். வெட்கம் வேண்டாம். படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் வெட்கம்.

இரண்டாவது, ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். உள்நாட்டு வருமான வரி வாரியம் இதைக் கவனிக்கிறது. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்டிவிடுவது முறை. முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. பிறகு அபராதத்தோடு கட்டி முத்திரை பெறலாம் என்றாலும், அந்த வீண் செலவு எதற்கு?

மூன்றாவது, பணத்தை வீட்டுக்காரர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். "டெபாசிட் இரண்டு மாதம், இவ்வளவு வெள்ளி" என்று ரசீதில் பிரித்து எழுதச் சொல்லுங்கள். இடையில் நிற்கும் தரகரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, "நான் பணத்தைப் பார்க்கவே இல்லை" என்று பிற்பாடு வீட்டுக்காரர் சொல்லும் நிலைமைக்கு இடம் வைக்காதீர்கள்.

நான்காவது, சாமான் இறக்குவதற்கு முன் வீட்டைப் படம் பிடியுங்கள். இன்று எல்லாரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறது. சுவர், கூரை, தரை, ஜன்னல் கண்ணாடி, கதவுப் பூட்டு, குசினித் தொட்டி, கழிவறை, தண்ணீர் மீட்டர், மின்சார மீட்டர் எதையும் விடாதீர்கள். ஏற்கெனவே உடைந்தது, விரிசல் விட்டது, ஒழுகுவது இவற்றை ஒரு பட்டியலாக எழுதி, படங்களோடு அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு அது அங்கே நிற்கும். ஈராண்டு கழித்து, "இந்த விரிசல் நீங்கள் வந்தபின் வந்தது" என்று யாரும் சொல்ல முடியாது.

குடியிருக்கும் காலத்தில்

வாடகை கட்டிய ரசீதுகளையும் பில்களையும் ஒரு பிஸ்கட் டின்னிலாவது போட்டுச் சேர்த்து வையுங்கள். குழாய் ஒழுகினால், கூரை ஒழுகினால் உடனே வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டு மரப்பலகை உளுத்துப்போனால், பழி உங்கள் தலையில் விழக்கூடும். சுவரில் ஆணி அடிக்கவோ, கம்பிக் கதவு போடவோ, வேறு வண்ணம் அடிக்கவோ விரும்பினால் முன்னதாகக் கேட்டு, "சரி" என்ற பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

மின்சாரக் கணக்கு உங்கள் பெயரில் இருந்தால், தெனாகா நேஷனலிடம் நீங்கள் கட்டிய டெபாசிட் தனியாக இருக்கிறது. வீட்டுக்காரரிடம் உள்ள பணம் வேறு, இது வேறு. காலி செய்யும்போது கணக்கை மூடி அந்தப் பணத்தையும் கேட்டு வாங்க வேண்டும். இதை மறந்துவிடுகிறவர்கள் பலர்.

வீட்டை வேறொருவருக்கு விற்கிறார்களா? உங்கள் டெபாசிட் இனி யாரிடம் இருக்கிறது, யார் திருப்பித் தருவார் என்று பழைய வீட்டுக்காரரிடமும் புதியவரிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாடகை உயர்ந்து டெபாசிட்டும் கூடினால், அதற்கும் ரசீது வேண்டும்.

டெபாசிட்டில் கழித்துக்கொள்ளலாமா?

"எப்படியும் பணம் திரும்பி வராது. கடைசி இரண்டு மாதம் வாடகை கொடுக்காமல் இருந்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும்" என்று யோசனை சொல்லும் அண்ணன்மார் ஊருக்கு ஊர் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், டெபாசிட்டை வாடகையாகக் கழிக்கக்கூடாது என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். வாடகையை நிறுத்தினால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்ததை அவர் பக்கம் தூக்கிக் கொடுத்ததாகும். வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே அப்படிச் செய்யலாம்.

அதேபோல், ஓர் ஆண்டு என்று ஒப்பந்தம் போட்டுவிட்டு ஆறாம் மாதமே கிளம்பினால் டெபாசிட் போய்விடும் என்ற விதியும் பல ஒப்பந்தங்களில் உண்டு. கையெழுத்திடும் முன்பே அந்த வரியைத் தேடிப் படியுங்கள். வேலை மாறக்கூடும் என்று தெரிந்தால், இத்தனை மாத நோட்டீஸ் கொடுத்து விலகலாம் என்று முன்கூட்டியே சேர்க்கச் சொல்லுங்கள்.

காலி செய்யும்போது

ஒப்பந்தத்தில் உள்ளபடி இரண்டு மாதமோ ஒரு மாதமோ முன்னதாக எழுத்தில் தெரிவியுங்கள். வாய்வார்த்தை போதாது. பிறகு தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்க் கட்டணம் எல்லாவற்றையும் தீர்த்து ரசீதுகளை எடுத்து வையுங்கள். வீட்டு வரியும் நிலவரியும், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், வழக்கமாக வீட்டுக்காரர் பொறுப்பு. அவற்றை உங்கள் கணக்கில் சேர்த்தால் ஏன் என்று கேளுங்கள்.

சாமான் ஏற்றி முடிந்ததும் வீட்டைக் கூட்டிக் கழுவுங்கள். குசினிச் சுவரில் தெறித்த எண்ணெய்க் கறையையும், சாமி மேடைக்கு மேல் படிந்த விளக்குப் புகையையும் துடைத்துவிடுங்கள். தோரணம் கட்டிய ஆணிகளைப் பிடுங்கி, துளைகளை அடைத்துவிடுங்கள். பத்து வெள்ளிப் பூச்சு மாவு வேலைக்கு இருநூறு வெள்ளி பிடித்தார்கள் என்று பிறகு புலம்ப வேண்டியதில்லை.

காலி வீட்டை வீட்டுக்காரரோடு சேர்ந்து சுற்றிப் பாருங்கள். முதல் நாள் எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் படம் எடுங்கள். மீட்டர் எண்களையும் எடுங்கள். சாவிகளை ஒப்படைத்து, "இத்தனை சாவி, இன்ன தேதியில் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள். டெபாசிட் போட வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணையும் அன்றே கொடுத்துவிடுங்கள்.

தேய்மானம் வேறு, சேதம் வேறு

சண்டையெல்லாம் பெரும்பாலும் இங்கேதான். மனிதர் வாழும் வீடு நாளாக ஆக மங்கத்தான் செய்யும். மூன்று வருடத்தில் சுவர் வண்ணம் வெளிறினால், தரை தேய்ந்தால், குழாயின் ரப்பர் வளையம் இற்றுப்போனால் அது தேய்மானம். பொதுவாக ஒப்பந்தங்கள் அதற்கு உங்களைப் பொறுப்பாக்குவதில்லை. கதவை உதைத்து உடைத்தால், கண்ணாடி நொறுங்கினால், கழிவறைக் கிண்ணம் விரிந்தால், சாவி தொலைந்தால் அது சேதம். அதற்கு ஈடு கொடுப்பது நம் கடமை. அதைத் தட்டிக்கழிப்பது மரியாதையாகாது.

வீட்டுக்காரர் பணம் பிடித்தால், எதற்கு எவ்வளவு என்று கணக்கும் ரசீதும் கேளுங்கள். "ரிப்பேர், 1,500 வெள்ளி" என்ற ஒற்றை வரி கணக்காகாது. "ஐயா, எந்த வேலைக்கு, எந்த ஆள், எவ்வளவு வாங்கினார் என்று பில் காட்டுங்கள். நியாயமானதைக் கழித்துக்கொள்ளுங்கள், மீதியைத் தாருங்கள்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். படமும் ரசீதும் உங்களுக்காகப் பேசும்.

பணம் தர மறுத்தால்

முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். குடியிருந்த முகவரி, காலி செய்த தேதி, கொடுத்த டெபாசிட், வரவேண்டிய தொகை இவற்றைக் குறிப்பிட்டு, "14 நாளுக்குள் திருப்பித் தரவும், இல்லாவிடில் நீதிமன்றத்தை நாடுவேன்" என்று முடியுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பல விவகாரங்கள் இந்தக் கடிதத்தோடு தீர்ந்துவிடுவதுண்டு.

போலீசில் புகார் கொடுத்தால் பணம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இது பணக் கொடுக்கல் வாங்கல் சம்பந்தமான சிவில் விவகாரம். அதற்கென்று மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குமுறை உண்டு. 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 93-வது ஆணைப்படி, தனிமனிதர் ஒருவர் 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கு அங்கே வழக்குப் போடலாம். நாம் பார்த்த 2,000 வெள்ளி டெபாசிட் இதற்குள் அடங்கிவிடுகிறது.

வழக்கறிஞர் வைக்கப் பணமில்லையே என்று கலங்க வேண்டாம். இந்த முறையில் பொதுவாக இரு தரப்பும் வழக்கறிஞர் இல்லாமல் தாங்களே பேச வேண்டும். நீதிமன்ற முகப்பில் பாரம் 198 என்று கேளுங்கள். அதில் உங்கள் கோரிக்கையைச் சுருக்கமாக எழுதிப் பதிய வேண்டும். அது வீட்டுக்காரர் கையில் சேர்ந்த 14 நாளுக்குள் அவர் பாரம் 199-இல் பதில் தர வேண்டும். ஒப்பந்தத்தில் அவர் முகவரியை எழுதி வாங்குங்கள் என்று முன்னே சொன்னோமே, அது இப்போதுதான் கைகொடுக்கும். விசாரணை நாளில் ஒப்பந்தம், ரசீதுகள், படங்கள், வாட்ஸ்அப் செய்திகள், கடித நகல் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.

எழுத்தில் ஒப்பந்தமே இல்லாமல் குடியிருந்தவர்களும் மனம் தளர வேண்டாம். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. பணம் போட்ட வங்கிச் சீட்டும் செய்திகளும் இருந்தால் கேட்கலாம். நிரூபிப்பதுதான் சற்றுச் சிரமம். தீபகற்ப மலேசியாவில் 1953-ஆம் ஆண்டுக் காலவரைச் சட்டப்படி இத்தகைய கோரிக்கைக்கு ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. இருந்தாலும், நாள் கடந்தால் சாட்சியமும் தேய்ந்துவிடும். சந்தேகம் இருந்தால் சட்ட உதவித் துறையிலோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ ஆலோசனை கேட்கலாம்.

நல்ல வீட்டுக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எழுத்தும் ரசீதும் நல்லதே. மனக்கசப்பில்லாமல் பிரிய அவைதான் வழி. அடுத்த மாதம் குடிபோகும் உறவுக்காரர் யாராவது இருந்தால், இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். பால் வெட்டியும் குலை சுமந்தும் சேர்த்த காசு அது. கணக்கோடு போனது கணக்கோடு வீடு திரும்பட்டும்.