அழிவு என்னுஞ் சொல்

பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் அநாதி நித்தம் எனக் கொள்ளும் சைவசித்தாந்தம். அங்ஙனமாயின், அநாதி நித்தமாகிய ஆணவமலம் அழிவெய்துமாறு யாங்ஙனம்? அழியுமெனின் நித்தமென்றல் பொருந்தாது. அழியாதெனின் வீடுபேறு கூடாது. இத்தடை, அழிவு என்னுஞ் சொற்கு இன்மை எனப் பொருள் கோடலான் எழுவதாம். அச்சொல்லின் வழக்கை ஆராயின் தடை தானே நீங்கும்.

வள்ளியூர் முதலிய ஊர்களில் பழைய காப்பை அழித்துப் புதுவளை செய்யத் தட்டாரிடம் கொடுத்தல் வழக்கு. ஆங்கு அழிந்தது காப்பென்னும் வடிவே, பொன் அன்று. செலவழித்தல் என்புழியும் பொருள் கைமாறியதன்றி இன்மை எய்திற்றில்லை. மேற்குமலைத் தொடர்க்கு அப்பால் வழங்கும் மலையாளத்தில் இப்பகுதி முடிச்சு நெகிழ்தலையும் கட்டவிழ்த்தலையும் குறிக்கும். கன்னடத்தில் கெடுதலைக் குறிக்கும். இவற்றை ஒருங்கு வைத்து நோக்குழி, கூடிநின்றது கட்டுக் குலைதலே இச்சொற்கு அடிக்கருத்தாதல் புலப்படும். ஒலியானும் பொருளானும் இதனை அடுத்து நிற்கும் அழுகுதலும் அத்தன்மைத்தே. அழுகிய கனி எருவாவதன்றிச் சூனியமாவதில்லை.

வடசொற்களும் இவ்வாறே பொருள்படும். நாசம் என்பதன் தாதுவிற்குக் காணப்படாமை எனப் பொருள் கூறும் பாணினீய தாதுபாடம். சங்காரம் என்பது ஒருங்கே ஈர்த்துக் கோடல். இதனைத் தமிழ்நூலார் ஒடுக்கம் என்பர். காரியவுலகம் தன் முதற்காரணமாகிய மாயையில் ஒடுங்கும். பிறவிதோறும் உழன்ற உயிர்கள் இளைப்பாறும். ஆகலின் அத்தொழிலும் அருளேயாம். ஆயினும் அவ்வொடுக்கம் முத்தியன்று. மலம் நீங்காமையின் உயிர்கள் மீளவும் பிறப்பெய்தும் என்க.

அற்றேல், முத்தியில் மலநாசம் என்றது என்னை? கதிரெழுந்துழி இருள் தன் மறைத்தற்றொழிலை இழந்தாற்போல, திருவருள் விளங்கியவழி மலத்தின் சத்தி மெலிந்து, உயிரை மறைக்கமாட்டாது ஒழியும். கெட்டது சத்தியே, மலம் என்னும் பொருளன்று. எனவே நித்தமென்றலும் வீடுபேறும் தம்முள் முரணாமை காண்க.

பொருநைக்கரையில், பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் தோன்றி 1785-இல் இறைவனடி சேர்ந்த சிவஞான முனிவர், தம் மாபாடியத்துள் சற்காரியவாதத்தை நிறுவிய திறமும் இதுபற்றியே. உள்ளது இன்மையாதல் இல்லையெனத் தெளிந்தார், உடல் கட்டுக்குலைந்துழி உயிரும் ஒழிந்ததென்று இரங்கார். பாபநாசம் என்னும் ஊர்ப்பெயரை ஓதுந்தோறும், அருளொளியில் மறைவன எவையென ஓர்ந்து உளம் நெகிழ்வர்.